கன்னத்தில் ஒதுக்கிய வெள்ளெலி

நான் ஏறிய ரயில் திண்டிவனத்தில் நிற்காது என்பது, திண்டிவனம் என்ற பெயர்ப்பலகை ஜன்னலில் ஓடி மறைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எதிரே இருந்தவர் செய்தித்தாளை மடக்கிக்கொண்டே, "இது விழுப்புரத்துலதாங்க நிக்கும். ஏறசொல்லவே கேட்டிருக்கணும்" என்றார். எழும்பூரில் ஏறும்போது கேட்டேன். கேட்ட ஆள் தலையை ஆட்டினார். நம்மூர்த் தலையாட்டலை நம்பி வண்டி ஏறக் கூடாது என்பதை, ஸ்வீடனில் இத்தனை வருடம் இருந்ததில் மறந்து போயிருக்கிறேன்.

விழுப்புரத்தில் இறங்கியபோது நல்ல பசி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் இட்லி கேட்டேன். "மல்லாட்ட சட்னி வெக்கட்டுமா?" என்றார் பரிமாறியவர். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. மல்லாட்டை என்றால் என்னவென்று கேட்டேன். "மல்லாட்டங்க, மல்லாட்ட!" என்று அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். இலையில் விழுந்தது நம் கடலைச் சட்னி. கடலை மிட்டாய் ஊரில் பிறந்தவளுக்குக் கடலையின் பெயர் தெரியவில்லை. சட்னி அருமையாக இருந்தது, ஆனால் உட்கார்ந்து ரசிக்க மனசு நிலைகொள்ளவில்லை. பாதியில் எழுந்து போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்த பஸ்ஸும் ஊருக்குள் போகவில்லை. "திண்டிவனம்லாம் பைபாஸ்ல எறங்கிக்கோ! ஜல்தி, ஜல்தி!" என்று கண்டக்டர் விசில் ஊதினார். சித்திரை வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எதிரே ஸ்கூட்டரில் மெஹருன்னிசா வந்தாள். நர்ஸிங் படிக்கும்போது நானும் அவளும் ஒரே அறை. புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்காரி. கணவர் துபாயில் இருக்கிறார்.

"பஸ் ஸ்டாண்டுல காத்துக்கினு கெடந்தா நீ ரோட்டுல வாக்கிங் போற. ஒரே பேஜாரு உன்னோட" என்று திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினாள்.

நான் எதற்கு வந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்வீடனின் வடக்கே ஒரு சிற்றூரில், முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. மகன் வேறு ஊரில் படிக்கிறான். வீட்டில் நான் ஒருத்திதான். வருடத்தில் பாதி இருட்டும் பனியும். அந்த ஊரில் யாரும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை, கூட வேலை பார்ப்பவர்கள் தங்கள் வேட்டைக் குழுவில் சேர்த்துக்கொள்ளும் வரை. மூஸ் என்று ஒரு மான் அங்கே உண்டு. குதிரையைவிட உயரம். இலையுதிர் காலத்தில், அனுமதி கொடுத்த அளவுக்கு அதைச் சுட்டு எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். நானும் பரீட்சை எழுதினேன், துப்பாக்கி பழகினேன், காட்டில் அவர்களோடு நெருப்பு மூட்டிக் காப்பி குடித்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்கென்று நாலு பேர் கிடைத்தார்கள்.

போன இலையுதிர் காலத்தில் என் முன்னால் ஒரு கன்று வந்து நின்றது. சுட்டேன். ஒரே குண்டு. எல்லோரும் என் தோளில் தட்டினார்கள். கன்றை வண்டியில் ஏற்றிய பிறகு அதன் தாய் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தது. கன்று கிடந்த இடத்தை முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் கிளம்பும்போதும் நின்றுகொண்டிருந்தது.

என் பங்கு இறைச்சி ஃப்ரீசரில் கிடக்கிறது. சமைத்துப் பார்த்தேன், தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஆட்டுக்கறி இறங்குகிறது, கோழி இறங்குகிறது. நான் கொன்றது மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. பனி உருகியதும் எங்கள் குழுவில் ஒரு விருந்து நடக்கும். முந்தைய பருவத்தில் முதல் வேட்டை ஆடியவர், தன் இறைச்சியைத் தானே சமைத்து, அடுத்துச் சேர்ந்த புதியவர்களுக்குப் போட வேண்டும். முதல் வாய் அவருடையது. அவர் சாப்பிட்டால்தான் மற்றவர்கள் தொடுவார்கள். கொல்வேன், ஆனால் தின்ன மாட்டேன் என்கிறவளுக்கு அந்தக் குழுவில் இடமில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது மெஹரு யோசிக்கவே இல்லை. "லீவு போட்டுட்டு வா. இங்க முயலு, கவுதாரியெல்லாம் தொட்டா புடிச்சு உள்ள போட்டுருவாங்க. எலிய யாரும் கேக்க மாட்டாங்க. திண்டிவனம் பக்கம் எங்க நெலத்துல எலி புடிக்கிற அக்கா ஒருத்தங்க கீறாங்க. புதுசா வர்றவங்களுக்கும் சொல்லித் தருவாங்க. நீயே புடிச்சு நீயே துன்னு. சின்னதுல ஆரம்பிச்சு பெருசுக்குப் போ" என்றாள். சிரித்தேன். ஆனால் கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் மாலை கோட்டக்குப்பத்தில் மெஹரு சங்கரா மீன் குழம்பு வைத்தாள். மூன்று தட்டு சோறு தின்றேன். இவ்வளவு நன்றாகத் தின்கிறவளுக்கு என்ன கேடு வந்தது என்று எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. கடற்கரைக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். "கால்ல சக்கரமா கட்டிக்கினு வந்திருக்க? உக்காருடி" என்றாள் மெஹரு.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் மயிலம் சாலை வழியாகப் போய், ஏரிக்கரையை ஒட்டிய தொகுப்பு வீடுகளுக்குள் திரும்பினோம். அங்கேதான் அஞ்சலையக்கா இருந்தார். இருளர். என் வயதுதான் இருக்கும். அவர் பேச ஆரம்பித்தால் நாம் மூச்சு விடுகிற இடைவெளியில்தான் பதில் சொல்ல முடியும். அவர் கணவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டதிலிருந்து மண் வெட்ட ஆளில்லை. அதனால் புது மருமகன் பிரகாஷையும் அன்றைக்கு முதல் முதலாகக் கொல்லைக்குக் கூட்டிப்போகிறார். அந்தப் பக்கம் கொல்லை என்றால் புன்செய் நிலம். பிரகாஷ் ஹாஸ்டலில் படித்து வளர்ந்தவன். திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. வெள்ளைச் சட்டையோடு கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அஞ்சலையக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நர்ஸம்மா, ஊசி போடற கையி எலி புடிக்குமா?"

"துப்பாக்கி பிடிச்ச கை, அக்கா."

"இங்க துப்பாக்கியெல்லாம் இல்லிங்க. வெறுங்கையிதான்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

மல்லாட்டை பிடுங்கி முடிந்த கொல்லை. வரப்பு முழுக்க வளைகள். மெஹரு வேப்பமர நிழலில் ஸ்கூட்டரை நிறுத்தி, "எனக்கும் எலிக்கும் ஒத்து வராது. நா இங்கியே கீறேன்" என்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். அஞ்சலையக்கா புது மண் தள்ளியிருந்த வளையைக் காட்டினார். மற்ற வாய்களையெல்லாம் மண்ணை வைத்து மிதித்து அடைத்தோம். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வெட்ட ஆரம்பித்தோம். ஸ்வீடனில் வேட்டை என்றால் அசையாமல் நிற்பது. மணிக்கணக்கில் மரத்தோடு மரமாக நிற்க வேண்டும், எனக்கு அதுதான் பெரிய தண்டனை. இங்கே குனிந்து, வெட்டி, அள்ளி, ஓடி, ஒரு நிமிடம் சும்மா நிற்க முடியாது. எனக்கு இது பிடித்துப் போயிற்று.

ஒரு முழம் ஆழத்தில் ஓர் அறை திறந்தது. உள்ளே குவியலாக மல்லாட்டை, ஓடு உடையாமல் அப்படியே. "பாத்தீங்களா? வருசத்துக்கு சேத்து வெச்சுக்கீது" என்று அஞ்சலையக்கா சேலை மடியில் அள்ளிக்கொண்டார். அதே நொடி என் காலடியில் மணல் நிற முதுகும் வெள்ளை வயிறுமாக ஒன்று பாய்ந்தது. பாய்ந்து வாலைப் பிடித்தேன். வாலின் தோல் உறை கழல்வதுபோல என் கையோடு வந்துவிட்டது. எலி போய்விட்டது.

அஞ்சலையக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். "புதுசா வர்றவங்கல்லாம் வாலத்தான் புடிப்பாங்க. வெள்ளெலி வாலு நிக்காதுங்க. கழுத்தப் புடிக்கணும்."

அடுத்தது பிரகாஷின் முறை. அவன் சரியாகக் கழுத்தைப் பிடித்தான். எலி அவன் உள்ளங்கையில் துடித்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விரல்கள் திறந்தன. "நழுவிடுச்சு, அத்த" என்றான். நழுவவில்லை. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்.

அஞ்சலையக்கா மட்டும் மதியத்துக்குப் போதுமான அளவு பிடித்தார். வீட்டு வாசலில் மூன்று கல் அடுப்பு. வைக்கோலில் பொசுக்கி, முடியைச் சுரண்டி, குடலெடுத்து, மஞ்சள் போட்டுக் கழுவி, பூண்டும் மிளகாயும் வெங்காயமும் இடித்துப் போட்டு, தண்ணீர் வற்றும்வரை சட்டியில் வறுத்தார். வாசனை என்னவோ நாட்டுக்கோழியை நினைவுபடுத்தியது. ஆனாலும் யாரும் சட்டியைத் தொடவில்லை. அஞ்சலையக்கா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் தட்டை நீட்டினார்கள்.

"புடிச்சவங்க கை வெச்சாதான் மத்தவங்க கை வெப்போம். எங்க வயக்கம் அப்படி" என்றார்.

பூமிப் பந்தின் அந்தக் கோடியிலும் இதே சட்டம், இந்தக் கோடியிலும் இதே சட்டம். எனக்கு வியர்த்துவிட்டது. "நான் பிடிச்சதைத்தான் முதல்ல சாப்பிடணும்னு வச்சிருக்கேன் அக்கா" என்று அன்றைக்குத் தப்பித்தேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. "அதுவும் சரிதான். நாளைக்கு புடிங்க" என்றார். பிரகாஷ் மட்டும் தலையைக் குனிந்து ரசித்து ரசித்துத் தின்றான்.

மாலையில் என்னை மெஹருவின் ஸ்கூட்டர் வரை கொண்டுவிட வந்தவன், பாதி வழியில் நின்றான். "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? உங்களுக்கு சாப்புட வர்லதான?"

"உனக்குப் பிடிக்க வரலைதானே?"

"சாப்புட்றது ஒண்ணும் இல்லக்கா, சின்னதுலேந்து பழக்கம். கொல்லதான் வர்ல. கையில தட்டுதுக்கா அது. அத்தகிட்ட சொன்னா ஊரே சிரிக்கும். இருளனுக்கு எலி புடிக்க வர்லியான்னு."

எனக்குக் கொல்ல வரும், சாப்பிட வராது. அவனுக்குச் சாப்பிட வரும், கொல்ல வராது. ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அந்த இடத்திலேயே ஒப்பந்தம் முடிந்தது.

அடுத்த நாள் நான் கழுத்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பிடித்த கையோடு ஒரே அழுத்து, அவ்வளவுதான். அஞ்சலையக்கா அந்தப் பக்கம் வளையை அடைக்கும்போது, இந்தப் பக்கம் என் கையிலிருந்ததை பிரகாஷ் கைக்கு மாற்றினேன். "அத்த, புடிச்சிட்டேன்!" என்று அவன் கத்தியபோது அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மெஹரு நிழலிலிருந்து இதைப் பார்த்துவிட்டாள். இன்னொரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

இனி என் பங்கு பாக்கி. சாப்பாட்டு நேரத்தில் பிரகாஷ் என்னை ஒட்டி உட்கார்ந்தான். "நர்ஸம்மா, கை வைங்க" என்றார் அஞ்சலையக்கா. சட்டியைச் சுற்றி எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். முதியோர் இல்லத்தில் மாத்திரை விழுங்க மறுக்கிறவர்கள் ஒரு வேலை செய்வார்கள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீர் குடித்து, தலையாட்டி, நாம் நகர்ந்ததும் துப்பிவிடுவார்கள். இத்தனை வருடம் அவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவள் நான். அன்றைக்கு அதே வேலையைச் செய்தேன். துண்டைக் கன்னத்தில் ஒதுக்கி, தாடையை ஆட்டி, "பிரமாதம் அக்கா" என்றேன். பிறகு முகம் துடைப்பதுபோலத் துப்பட்டாவில் துப்பிக்கொண்டேன். தட்டில் இருந்ததெல்லாம் பிரகாஷ் தட்டுக்குப் போனது.

"எவ்ளோ சீக்கிரம் துன்னுட்டாங்க பாரு!" என்று அஞ்சலையக்கா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னார். எனக்குக் கூசியது. எலியைத் தின்று பழக இத்தனை தூரம் வந்து, தின்னாமல் ஏமாற்றப் பழகியிருக்கிறேன்.

கடைசி நாள் விடைபெறப் போனேன். மெஹருவுக்கு வேலை இருந்ததால் தனியாக பஸ்ஸில் போனேன். இரண்டு புதியவர்களும் தேறிவிட்ட சந்தோஷத்தில் அஞ்சலையக்கா இரண்டு பேருக்கும் பரிசு வைத்திருந்தார். பிரகாஷுக்கு, "மாப்ள, இனிமே நீ தனியாவே போலாம். மோட்டூர்க்காரர் கொல்லைக்கு இன்னிக்கே போய் வா." எனக்கு, முந்தின நாள் நான் பிடித்த மிச்சத்தை விடியற்காலையில் வறுத்து நிரப்பிய ஒரு எவர்சில்வர் தூக்கு. "ரொம்ப புடிச்சிப்போச்சு உங்களுக்கு. வழியில சாப்புடுங்க."

பிரகாஷ் பலிக்கு விட்ட கிடாய் மாதிரி என்னைப் பார்த்தான். நான் தூக்கைப் பார்த்தேன். இரண்டு பேரும் நன்றி சொன்னோம்.

மெஹருவுக்குப் போன் செய்தேன். "அதத் தூக்கிக்கினு என் வாசப்படி ஏறின, அவ்ளோதான்!" என்றாள். வழியில் எங்கேயாவது கொட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வரை போனேன். இரண்டு தடவை போனேன். அந்த மனுஷி இருட்டில் எழுந்து வறுத்தது. கொட்டக் கை வரவில்லை. தூக்கை மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

பஸ் பாதி வழியில், இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு இருக்கிற இடத்தில், ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். "மாத்து பஸ் வரும். எல்லாம் எறங்கி நெழல்ல நில்லுங்க" என்றார் கண்டக்டர். கடை கண்ணி எதுவும் இல்லை. காலையில் ஒரு டீயோடு கிளம்பியவள் நான். வெயில் உச்சிக்கு ஏறிப் பிறகு இறங்கவும் ஆரம்பித்தது, மாற்று பஸ்ஸைக் காணோம். ஸ்வீடனில் பஸ் நாலு நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்டு பலகையில் எழுத்து ஓடும். இங்கே யாரும் பதறவில்லை. ஒருவர் துண்டை விரித்துத் தூங்கவே ஆரம்பித்துவிட்டார். நான் மட்டும் தூக்கை இடுக்கிக்கொண்டு சாலையோரம் போவதும் வருவதுமாக இருந்தேன்.

பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது தடவை அவரைக் கடந்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "தூக்குல இன்னாம்மா?" என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வெள்ளெலிதான?" என்றார்.

தலையாட்டினேன். அவர் கண்ணில் அப்படி ஒரு ஆசை. "எங்க அம்மா ஊட்டுல துன்னது. கட்டிக்கினு போன எடத்துல கேவலமா பேசுவாங்க. வாசன கூட பாக்க முடியாது." எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. கொட்டவும் வேண்டாம், சுமக்கவும் வேண்டாம். தூக்கைத் திறந்து நீட்டினேன். ஒரு துண்டை எடுத்தார். வாய் வரை கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார்.

"யாரு புடிச்சது?"

"நான்தான்."

"நீங்களா? அப்ப நீங்க மொதல்ல" என்று அந்தத் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. அவருடைய விரல்களில் எண்ணெய் வழிந்தது. தொண்டை ஏறி இறங்கியது. எனக்காக ஒருத்தர் பசியோடு காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பழைய வித்தையைக் காட்டிவிடலாம் என்று ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கினேன்.

வித்தை பலிக்கவில்லை. காலையிலிருந்து காய்ந்து கிடந்த வாயில் உப்பும் பூண்டும் காரமும் ஊறி இறங்கின. நாக்கு என்னைக் கேட்காமலே வேலையைப் பார்த்தது. கடித்தேன், மென்றேன், விழுங்கினேன். இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தால் மட்டும் இல்லை. இன்னொரு துண்டு எடுத்தேன்.

பச்சைச் சேலைக்கார அம்மா அப்போதுதான் தன்னுடையதை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். எலும்பைக்கூட விடவில்லை. "நா துன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். யாரிடம் சொல்லப் போகிறேன்? சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் பிரகாஷ் போன் செய்தான். "அக்கா, என்னால முடியல. புடிச்சேன், உட்டுட்டேன். வெறுங்கையோட வந்து அத்தகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்களுதையும்." பின்னால் ஒரு குரல், பிறகு போன் கை மாறியது.

அஞ்சலையக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "எங்க ஊட்டு சட்டி உனுக்கு அசிங்கமா?" என்று கேட்டார். அதுவரை எனக்கு வைத்த மரியாதையெல்லாம் போய்விட்டிருந்தது. "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதான? வாய்ல வெச்சு துணியில துப்பினியாமே. எங்கள பாத்து மூஞ்சி சுளிக்கிறவங்கள எனுக்கு தெரியும். நீ சிரிச்சுக்கினே துப்பிட்ட."

"அக்கா, இப்ப சாப்பிட்டேன். சத்தியமா இப்பதான்..."

"ம். சாப்புட்டிருப்ப" என்று வைத்துவிட்டார்.

சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நான் பயந்ததெல்லாம் என் தொண்டையைப் பற்றி மட்டும்தான். அந்த வாசலில் உட்கார்ந்து அந்தச் சட்டிக் கறியைத் துப்பினால் அது அவர்களுக்கு என்னவாகப் படும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. மாற்று பஸ் வந்தது. எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். பச்சைச் சேலைக்கார அம்மா ஜன்னல் வழியாக, "எடம் புடிச்சு வெச்சிருக்கேன், வாங்க!" என்று கூப்பிட்டார். கையை ஆட்டிவிட்டு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அஞ்சலையக்கா வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. பிரகாஷ் ஒரு ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். நான் அவருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தேன். மிச்சம் இருந்ததிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் பார்த்தார். இன்னொன்று தின்றேன்.

பிறகு அந்தக் கன்றைப் பற்றிச் சொன்னேன். அது நின்ற விதம், ஒரே குண்டு, வண்டியில் ஏற்றியது, தாய் வந்து முகர்ந்தது. "உங்க சட்டி அசிங்கம்னு துப்பலை அக்கா. நான் கொன்ன எதுவும் எனக்கு இறங்கலை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுட்டு ஏமாத்தினேன். தப்பு என் பேர்லதான்."

அவர் இன்னும் ஒரு மல்லாட்டையை உடைத்தார். "அந்தத் தாயி எம்மா நேரம் நின்னுது?" என்று கேட்டார்.

"தெரியாது அக்கா. நாங்க கிளம்பிட்டோம்."

"இவனும் அதான் சொல்றான். கையில உசுரு தட்டுதாம். ஏன்டா, அத என்கிட்ட சொல்லக் கூடாதா? நீ மண்ண வெட்டு, நான் புடிச்சுக்கறேன். அதுக்கு இந்த நர்ஸம்மா கையில வாங்கி ஒரு நாடகம்!" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழுச் சிரிப்பு இல்லை. அரைச் சிரிப்பு. மடியிலிருந்த மல்லாட்டையில் ஒரு கை அள்ளி என் முன்னால் வைத்தார். "காரமா துன்னியே, இத மெல்லு."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் வாணாம். அந்தக் கன்னுக்குட்டிய என்னிக்கு சமைக்கற? அன்னிக்கு எனுக்கு வீடியோ போடு. நீ விழுங்கறத நான் பாக்கணும். இனிமே உன் வாய நம்ப மாட்டேன்" என்றார்.

ஸ்வீடனில் பனி உருகியது. கன்றின் இறைச்சியைப் பூண்டும் மிளகாயும் இடித்துப் போட்டு, தண்ணீர் வற்றும்வரை சட்டியில் வறுத்தேன். காரத்தில் குழுத் தலைவருக்குத் தும்மல் நிற்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் தட்டுகளோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து என் வாயைப் பார்த்தார்கள். தண்ணீர்க் குடுவையில் சாய்த்து வைத்த போனில் பிரகாஷ் கையாட்டினான். அவனைத் தள்ளிவிட்டு அஞ்சலையக்காவின் முகம் திரை முழுக்க வந்தது.

ஒரு துண்டை எடுத்தேன். தாய் மூஸ் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தது. இடத்தை முகர்ந்தது. தலையைத் தூக்கியது. என் கை பாதியில் நின்றுவிட்டது.

"இன்னா நர்ஸம்மா, பாத்துக்கினே கீற?" என்றார் அஞ்சலையக்கா. "கை வை. பாவம், அவங்கல்லாம் பசியா கீறாங்க."

தாய் மூஸ் போகவில்லை. அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. அது பார்க்கப் பார்க்க மென்றேன், விழுங்கினேன்.